கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் தீபம் எவ்வளவு பெருசு?

கார்த்திகை தீபத்தன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஊர்ல, அதாவது கீழ்பென்னாத்தூர்ல, எல்லாரும் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நின்னுக்கிட்டிருப்பாங்க. அண்ணாமலை உச்சியில் மகாதீபம் தெரிஞ்ச பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவது வழக்கம். எனக்கும் தீபம் தெரியும். ஆரஞ்சு நிறத்தில், ஓரமெல்லாம் கரைந்துபோன பெரிய வட்டம். தீபம்னா அப்படித்தான் இருக்கும்னு பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நம்பினேன்.

காலேஜ் முதல் வருஷம் கண்ணாடி போட்டேன். அந்த வருஷம் தீபத்துக்கு ஊருக்குப் போய் மாடியில் நின்னா, வட்டத்தைக் காணோம். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. "இவ்ளோதானா?" என்று தங்கச்சியிடம் கேட்டேன். "எப்பவுமே இவ்ளோதாண்ணா" என்றாள்.

எனக்கு ரெண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 2. அந்த ஒரு எண்ணை வைத்து, நான் இத்தனை வருஷம் பார்த்த வட்டம் எவ்வளவு பெருசு என்று கணக்குப் போட முடியும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், வட்டத்தை வைத்துப் பவரைக் கண்டுபிடிக்கலாம். கண்ணை அளக்கிற கருவிகளில் பாதிக்கு மேல் இந்தத் திருப்பிப் போட்ட கணக்குதான்.

பத்தாம் வகுப்பில் படித்த லென்ஸை நினைவுபடுத்திக்கோங்க. பவர் என்பது குவியத் தூரத்தின் தலைகீழ். மீட்டரில் எடுத்தால் டையாப்டர். லென்ஸின் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி விழும் கதிர் எவ்வளவு கோணம் வளையும்? தள்ளி இருக்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, பவரால் பெருக்கினால் ரேடியனில் விடை. இவ்வளவுதான் சூத்திரம்.

நம் கண்ணின் மொத்தப் பவர் ஏறத்தாழ 60 டையாப்டர். அதில் 43 போல கார்னியா, அதாவது முன்னாடி இருக்கும் கண்ணாடி மாதிரியான படலம், தருகிறது. மீதியை உள்ளே இருக்கும் லென்ஸ் தருகிறது. விழித்திரை சுமார் 24 மி.மீ. பின்னாடி. இந்த ரெண்டும் ஒத்துப்போனால் தூரத்து வெளிச்சம் விழித்திரையில் புள்ளியாகக் குவியும். என் கண்ணில் 2 டையாப்டர் கூடுதல். வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாடியே குவிந்து, தாண்டி, மறுபடி விரிந்து ஒரு வட்டமாக விழுகிறது.

அந்தி நேரத்தில் கண்மணி 5 மி.மீ. திறந்திருக்கிறது என்று வைப்போம். ஓரத்தில் நுழையும் கதிர் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளி இருக்கும். 0.0025 ஐ 2 ஆல் பெருக்கினால் 0.005 ரேடியன். ரெண்டு பக்க ஓரமும் சேர்ந்து 0.01 ரேடியன், அரை டிகிரிக்குச் சற்று மேல். முழு நிலா வானத்தில் எடுத்துக்கொள்ளும் இடமே அரை டிகிரிதான். ஆக, நான் பார்த்த தீபம் நிலாவைவிடப் பெரிய வட்டம்.

மலையில் வைத்துப் பாருங்க. எங்க ஊருக்கும் உச்சிக்கும் 18 கி.மீ. என்று எடுத்துக்கொண்டால், 0.01 ரேடியன் என்பது 180 மீட்டர். 814 மீட்டர் உயர மலையின் தலையில் கிட்டத்தட்ட கால்வாசி மலை உயரத்துக்கு ஒரு பந்து! நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச்சிறிய கோணம் 1 ஆர்க் நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒன்று. 18 கி.மீ. தூரத்தில் அது 5 மீட்டர் சொச்சம். கொப்பரை ஆளுயரம்தான்; சுடரும் சேர்ந்தாலும் இந்த அளவை ஒட்டித்தான் வரும். அதனால் தங்கச்சி சொன்னது சரி. எங்க மாடியிலிருந்து தீபம் ஒரு புள்ளிதான்.

ஈசிஈ நண்பர்களுக்கு இந்நேரம் மணி அடித்திருக்கும். ஒரு சிஸ்டத்தைத் தெரிஞ்சுக்கணும்னா இம்பல்ஸ் கொடுத்து ரெஸ்பான்ஸ் பார்ப்போம் இல்லையா? தீபம்தான் இம்பல்ஸ், கண்தான் சிஸ்டம். வட்டமாகத் தெரிந்தால் கிட்டப்பார்வை, அல்லது தூரப்பார்வை. ஒரு திசையில் இழுத்துவிட்ட கோடாகத் தெரிந்தால் அஸ்டிக்மாட்டிசம். அதாவது கண்ணின் பவர் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. சீட்டில் 'சிலிண்டர்', 'ஆக்சிஸ்' என்று எழுதியிருப்பார்களே, அது இதுதான்.

ஒரே சிக்கல், அவுட்புட் விழுகிற இடம் விழித்திரை. கண்ணுக்குள்ளே என்ன விழுந்தது என்று அந்த ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஆளுக்கோ, பிறந்ததிலிருந்து அதுதான் உலகம். புகார் சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க வேற கண் வேணுமே.

பள்ளியில் கண் கேம்ப் வந்தது. 6 மீட்டர் தள்ளி எழுத்து அட்டை. 6/6 வரிசையில் ஓர் எழுத்தின் உயரம் 8.7 மி.மீ., அதாவது அந்தத் தூரத்திலிருந்து 5 ஆர்க் நிமிடம். ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862ல் கொண்டுவந்த ஏற்பாடு. எனக்கு முன்னாடி வரிசையில் முப்பது பேர். முப்பது பேரும் ஒரே அட்டையைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். என் முறை வரும்போது கடைசி வரி எனக்கு மனப்பாடம். கண் நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்க. ஏமாத்தணும்னு செய்யலை, கேட்டாங்க, தெரிஞ்சதைச் சொன்னேன். ப்ளஸ் டூ முடியும் வரை போர்டில் எழுதினதைப் பக்கத்து பெஞ்சு நோட்டைப் பார்த்துதான் எழுதினேன், அது கையெழுத்துப் பிரச்சினைன்னு நினைச்சுக்கிட்டு.

இதனால்தான் ஆளைக் கேட்காமல் வெளிச்சத்தைக் கேட்கும் வழிகளைத் தேடினார்கள். அதற்கு முன்னாடி, ஆளைக் கேட்டும் ஏமாறாத ஒரு வழி இருக்கிறது. நானூறு வருஷப் பழசு, ஹாஸ்டலில் இன்னிக்கு ராத்திரியே செய்யலாம்.

1619ல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மன் பாதிரியார் கண்ணைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் சோதனை இது. ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு ஊசித் துளை. இடைவெளி கண்மணியைவிடக் குறைவாக இருக்கணும். அட்டையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத் தூரத்து விளக்கைப் பார்த்தால், பவர் சரியாக இருக்கும் கண்ணுக்கு ஒரு விளக்கு தெரியும். பவர் தப்பாக இருந்தால் ரெண்டு! ரெண்டு துளை வழியாக வந்த ரெண்டு மெல்லிய கற்றைகள் விழித்திரையில் ஒரே இடத்தில் சேரவில்லை, அதனால்.

இதை அளவெடுக்கும் கருவியாக மாற்ற நானும் அறை நண்பனும் செய்தது இது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. ஊசி முனையால் அரை மி.மீ. அளவில் ரெண்டு துளை, மையத்துக்கு மையம் 2.5 மி.மீ. காரிடார் விளக்கை அணைத்துவிட்டு 20 மீட்டர் தள்ளி நண்பனை நிற்க வைத்தேன், ரெண்டு கையிலும் ரெண்டு போன், டார்ச் போட்டு. நான் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, துளைகள் கிடைமட்டமாக இருக்கும்படி அட்டையைப் பிடித்தேன். ரெண்டு டார்ச்சும் ரெண்டு ரெண்டாகப் பிரிந்து நாலு விளக்கு. நண்பன் போன்களை மெதுவாக நெருங்கக் கொண்டுவரும்போது, ஒரு கட்டத்தில் நடுவில் இருக்கும் ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூணு விளக்காகத் தெரிந்தது. அங்கே நிறுத்தச் சொல்லி, டார்ச்சுக்கும் டார்ச்சுக்கும் இடையே டேப் வைத்து அளந்தோம். 10 செ.மீ.

0.10 ஐ 20 ஆல் வகுத்தால் 0.005 ரேடியன். அதைத் துளை இடைவெளி 0.0025 ஆல் வகுத்தால் 2 டையாப்டர். சீட்டில் இருக்கிறதும் அதேதான். அட்டையைத் திருப்பித் துளைகளை மேலும் கீழுமாக வைத்து, போன்களையும் மேலும் கீழுமாகப் பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தால் நெடுக்குத் திசைப் பவர் கிடைக்கும். ரெண்டும் வேறு வேறாக வந்தால் சிலிண்டர் இருக்கிறது. ரெண்டும் ஒன்றாகவே வந்தாலும் அட்டையைச் சாய்த்து 45 டிகிரியில் ஒரு தடவை பாருங்க. அச்சு சாய்வாக இருந்தால் அங்கேதான் பிடிபடும்.

மைனஸா ப்ளஸா என்று தெரிய, இடது துளையை மூடுங்க. இடது விளக்கு மறைந்தால் கிட்டப்பார்வை, வலது மறைந்தால் தூரப்பார்வை. ஏன் அப்படி என்று ஒரு கதிர்ப்படம் வரைந்து பாருங்க. விழித்திரையில் பிம்பம் தலைகீழ் என்பதை மறந்தால் விடை மாறிப்போகும். நான் முதல் தடவை மாற்றித்தான் போட்டேன். ஒரு எச்சரிக்கை: சூரியனை வைத்து இந்தச் சோதனை எதையும் செய்யாதீங்க. டார்ச், தெருவிளக்கு போதும்.

இந்த வகை அளவெடுப்பை எல்லைக்கே கொண்டு போனவர் தாமஸ் யங். நாம் லேபில் பாடாய்ப்படும் இரட்டைப் பிளவு யங்தான். 1801ல் வெளியான கட்டுரையில் தன் கண்ணையே ஒரு கருவியைப் போலக் கழற்றிப் பார்த்திருக்கிறார் என்றுதான் சொல்லணும். படுக்கைத் திசையில் 7 அங்குலத்தில் இருக்கும் பொருளும், நெடுக்குத் திசையில் 10 அங்குலத்தில் இருப்பதும் தன் விழித்திரையில் குவிகின்றன என்று கண்டுபிடித்தார். டையாப்டராக மாற்றுங்க: 7 அங்குலத்துக்கு 5.6, 10 அங்குலத்துக்கு 3.9. வித்தியாசம் 1.7. அஸ்டிக்மாட்டிசத்தின் முதல் அளவீடு அது. அப்போது அதற்கு அந்தப் பேரே கிடையாது.

அடுத்த கேள்வி, கோளாறு கார்னியாவிலா லென்ஸிலா? கண்ணைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணும் கார்னியாவின் எண்ணும் நெருக்கமானவை. அதனால் தண்ணீருக்குள் கார்னியாவின் பவர் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும் (கிணற்றில் முங்கிக் கண் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது இதனால்தான்). போன பவருக்குப் பதில் வெளியே ஒரு லென்ஸ் வைத்து ஈடுகட்டினார். அஸ்டிக்மாட்டிசம் அப்படியே இருந்தது. அப்போ கோளாறு உள்ளே இருக்கும் லென்ஸில். சர்க்யூட்டில் ஒரு பாகத்தை ஷார்ட் செய்துவிட்டு எரர் எங்கே என்று தேடுவோமே, அதே புத்தி. கால் நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் தன் கண்ணுக்குச் சிலிண்டர் லென்ஸ் செய்து போட்டுக்கொண்டார்.

யங்கும் ஏரியும் தங்கள் கண்ணைத் தாங்களே பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள். ரெண்டு வயசுக் குழந்தை சொல்லுமா? மனப்பாடம் செய்தவன் சரியாகச் சொல்வானா? வெளிச்சம் வெளியே வந்தாகணும்.

வருகிறது. போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் சில படங்களில் கண் சிவப்பாகத் தெரிகிறதே, விழித்திரையில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம்தான் அது. 1851ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பயன்படுத்தி உயிருள்ள கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியை அறிவித்தார். அதிலிருந்து கிளைத்தது ரெட்டினோஸ்கோப். இன்றும் கேம்ப்களில் இருட்டு அறையில் ஒருவர் கைக்கருவியால் கண்ணில் ஒரு வெளிச்சக் கோட்டை இப்படியும் அப்படியும் ஆட்டுவதைப் பார்த்திருப்பீங்க. கண்மணிக்குள் தெரியும் பளபளப்பு கருவி போகும் திசையிலேயே போகிறதா, எதிராகப் போகிறதா என்று பார்க்கிறார். லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து, பளபளப்பு நகராமல் கண்மணி மொத்தமும் ஒரே நேரத்தில் மின்னும் நிலைக்குக் கொண்டுவருகிறார். அந்த நேரத்தில் கண் குவிந்திருப்பது அவர் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கு. 67 செ.மீ. என்றால் 1.5 டையாப்டர். வைத்த லென்ஸ் மைனஸ் 0.5 ஆக இருந்தால், 1.5 கழித்து விடை மைனஸ் 2. நோயாளி ஒரு வார்த்தை பேசவேண்டாம். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். மின்சாரம் என்று பார்த்தால் ஒரு சின்ன பேட்டரி.

கண்ணாடிக் கடை மெஷினில் தாடையை வைத்ததும் என்ன தெரியும்? நீளமான ரோடு, கடைசியில் ஒரு பலூன். நிறையப் பேர் அதைக் கண்ணுக்கு வைக்கும் தேர்வு என்று நினைக்கிறார்கள். அது தேர்வு இல்லை, தாலாட்டு. நம் கண்ணின் லென்ஸ் தசையால் தானே பவரைக் கூட்டிக்கொள்ளும். இளவயதில் 10 டையாப்டர் வரைகூடக் கூட்ட முடியும். அளக்கும்போது அப்படிக் கூட்டிக்கொண்டால் மைனஸ் அதிகமாகக் காட்டிவிடும். அதனால் தூரத்தில் பார்ப்பது போன்ற ஒரு படத்தைக் காட்டி, கொஞ்சம் மங்கலாக்கி, லென்ஸைத் தளர விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது போதாது. சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு அளப்பார்கள். நீங்கள் ராத்திரி முழுக்க லேப்டாப் பார்த்துவிட்டு நேராகப் போய் மெஷினில் உட்கார்ந்தால், வரும் எண்ணை முழுசாக நம்பாதீங்க.

ஷைனரின் ரெண்டு துளைக்குப் பதில் சில நூறு துளை வைத்தால்? வெளிச்சம் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வந்தால்? அதுதான் ஷாக்–ஹார்ட்மன் சென்சார். தொலைநோக்கி ஆடிகளைச் சோதிக்கப் பிறந்தது. 1994ல் லியாங், பில் குழுவினர் மனிதக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். மெல்லிய அகச்சிவப்புக் கற்றையால் விழித்திரையில் ஒரு புள்ளி வைப்பார்கள். அங்கிருந்து தெறித்து வெளியே வரும் வெளிச்சம் குட்டிக் குட்டி லென்ஸ்கள் அடுக்கிய தட்டின் வழியாகக் கேமராவில் புள்ளிக் கோலமாக விழும். குறையில்லாத கண்ணுக்கு ஒழுங்கான கோலம். குறை இருந்தால் புள்ளிகள் நகர்ந்திருக்கும்.

எவ்வளவு நகரும்? மறுபடியும் அதே சூத்திரம். மையத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி, 2 டையாப்டர்: 0.004 ரேடியன். குட்டி லென்ஸின் குவியத் தூரம் 6 மி.மீ. என்றால் நகர்வு 24 மைக்ரான். 6 மைக்ரான் பிக்சல் கேமராவில் 4 பிக்சல். கால் டையாப்டருக்கு அரை பிக்சல். ஒவ்வொரு புள்ளியின் மையத்தையும் சராசரி எடுத்துக் கண்டுபிடித்தால் அதுவும் எட்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. படுத்தப்போவது கணக்கு இல்லை, கார்னியாவிலிருந்து நேராகத் திரும்பும் பளிச்சென்ற பிரதிபலிப்பு. விழித்திரை வெளிச்சம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, அகச்சிவப்பில் அளந்த பவரும் கண்ணால் பார்க்கும் வெளிச்சத்துக்கான பவரும் ஒன்றல்ல. முக்கால் டையாப்டருக்கு மேல் வித்தியாசம் வரும், திருத்தியாகணும். மனிதக் கண் மீது எதையும் பாய்ச்சுவதற்கு முன்னால் துறை அனுமதியும் கண் மருத்துவரும் வேண்டும். முதலில் ஒரு லென்ஸ், அதன் பின்னால் காகிதம் என்று மாதிரிக் கண் செய்து அதில் பழகுங்க.

2010ல் எம்ஐடியில் ரமேஷ் ராஸ்கரின் குழு இதையே தலைகீழாக்கியது. கேமரா இருக்கும் இடத்தில் போன் திரை. திரையில் ரெண்டு கோடுகளை ஆளே நகர்த்தி ஒன்று சேர்க்கணும். எத்தனை பிக்சல் நகர்த்தினார் என்பதிலிருந்து பவர். நம் காரிடார் டார்ச் வேலையும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மெஷின் இவ்வளவு வளர்ந்த பிறகு ஆளைக் கேட்கவே வேண்டாமா? 2019ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. கையில் பிடித்து அளக்கும் விலைகுறைந்த ஷாக்–ஹார்ட்மன் வகைக் கருவி ஒன்றை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து நம் கிராமப்புறத்தில் 708 பேரிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் மெஷின் சொன்ன பவர் ஒன்று, அனுபவமுள்ளவர் கேட்டுக் கேட்டு எழுதின பவர் ஒன்று. ரெண்டையும் போட்டுப் பார்த்து எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். 40 வயது வரை உள்ளவர்களிடம் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. 40க்கு மேல், மனிதர் எழுதின பவரைத்தான் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். என் வாசிப்பு இது: கேம்ப்பில் நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, யாருக்குக் கண்ணாடி வேணும் என்று கண்டுபிடிக்க மெஷின் போதும். மனப்பாடம் அதனிடம் பலிக்காது. கடைசிக் கால் டையாப்டருக்கு "இது தெளிவா, அது தெளிவா" என்ற கேள்வியை விட முடியாது.

ஆளைக் கேட்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது, கண்புரை ஆபரேஷன். ஆயாவுக்குப் போன வருஷம் செய்தார்கள். புரை பிடித்த லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் புது லென்ஸின் பவரை முன்கூட்டியே முடிவு செய்யணும். வைத்த பிறகு மாற்றுவது லேசான காரியம் இல்லை. அதற்கு ரெண்டு அளவு வேணும். கார்னியாவின் வளைவு ஒன்று: அதில் தெரியும் பிரதிபலிப்பின் அளவை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஆரம் 7.8 மி.மீ. என்றால் 337.5 ஐ அதனால் வகுக்க 43.3 டையாப்டர். கண்ணின் நீளம் இன்னொன்று: அல்ட்ராசவுண்டை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை எண்ணுவது. 1980ல் வந்த பழைய சூத்திரம் ஒன்று, எல்லாருக்கும் புரியும்: லென்ஸுக்கான மாறிலியிலிருந்து நீளத்தின் இரண்டரை மடங்கையும் கார்னியா பவரின் 0.9 மடங்கையும் கழி. மாறிலி 118.4, நீளம் 23.5, கார்னியா 44 என்றால் விடை 20. இப்போது இதைவிட நுட்பமான சூத்திரங்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் அந்த இரண்டரையைக் கவனிங்க. டெக்னீஷியன் கருவியைக் கார்னியா மேல் கொஞ்சம் அழுத்திவிட்டு நீளம் 1 மி.மீ. குறைவாக வந்தால், லென்ஸ் 2.5 டையாப்டர் தப்பு. ஆயா மிச்ச காலம் முழுக்க நான் பார்த்த அந்த வட்டத்தைப் போன்ற தீபத்தைப் பார்க்கணும். கார்னியாவைத் தொடாமல் ஒளியாலேயே நீளத்தை அளக்கும் கருவி 1999ல் வந்ததற்கு இதுவே பெரிய காரணம். உள்ளே வைக்கும் லென்ஸ்களோ, 1992ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கிய பிறகு நம் ஊரிலேயே மலிவாகத் தயாராகின்றன.

அட்டைக்கு வருவோம். சோதனையை ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் செய்யுங்க. ஒரு கண் நன்றாக இருந்தால் இன்னொன்றின் குறையை மூளை மறைத்துவிடும்; எங்கள் அறையிலேயே ஒருவனுக்கு வலது கண் 0, இடது கண் 1.5, அவனுக்குத் தெரியவே தெரியாது. வந்த எண்ணை வைத்து ஆன்லைனில் கண்ணாடி ஆர்டர் போடாதீங்க. துளை இடைவெளியில் 0.1 மி.மீ. பிசகினால் 4 சதவீதம் போயிற்று. ஆக்சிஸும் இதில் சரியாக வராது. எழுதிக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போங்க, ஞாயிறு தவிர எந்த நாளானாலும் காலையிலேயே.

ஒரே துளை உள்ள அட்டை ஒன்றும் செய்து வீட்டுக்கு எடுத்துப் போங்க. மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லும் அம்மாவிடமோ தம்பியிடமோ கொடுத்து, துளை வழியாகக் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்க. தெளிவானால் பெரும்பாலும் கண்ணாடியோடு முடியும் விஷயம். துளை வழியாகவும் தெளிவாகவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்கு அலையாமல் நேராக டாக்டரிடமே கூட்டிப் போங்க.